சமையல் குறிப்பில் ஒரு கப் என்றால் எத்தனை மில்லி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வரும் சமையல் குறிப்புகளில் ‘மைதா 1 1/2 கப், சர்க்கரை 3/4 கப், எண்ணெய் 1/3 கப்’ என்று அளவுகள் அச்சாகின்றன. அந்தக் கப் எத்தனை மில்லி பிடிக்கும் என்று பக்கத்தின் எந்த மூலையிலும் இல்லை. முக்கால் என்று சொல்லிவிட்டு எதில் முக்கால் என்பதை விட்டுவிட்டால் அது அளவே ஆகாது. ஒரே ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும். அந்த வரி ஏன் தேவை, அது இல்லாததால் அடுப்படியில் என்னென்ன கெட்டுப்போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பின்னம். 1/3 கப்பையும் 1/4 கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைப்பிடியில் பொறித்திருக்கும் எண்ணை மறைத்துவிட்டு எது பெரியது என்று கேட்டால் யாரும் தப்பாகச் சொல்லமாட்டார்கள். கப்பை மறைத்து எண்ணை மட்டும் காட்டிக் கேட்டால், மூன்றைவிட நாலு பெரியது என்ற பழக்கம் முந்திக்கொள்கிறது; 1/4 தான் பெரியது என்று பதில் வருகிறது. பெரியவர்களுக்கும் இது நேர்கிறது. கீழே இருக்கும் எண் எத்தனை பங்கு போடுகிறோம் என்பதைச் சொல்கிறது. ஒரு தோசையை மூன்று பேருக்குப் பிய்த்தால் வரும் துண்டு, நாலு பேருக்குப் பிய்த்தால் வருவதைவிடப் பெரிதாகத்தானே இருக்கும்? மேலே உள்ள எண் ஒன்றாகவே இருந்தால், கீழ் எண் ஏற ஏற அளவு இறங்கும்.

240 மி.லி. கப்பில் 1/3 என்பது 80 மி.லி., 1/4 என்பது 60 மி.லி. வித்தியாசம் 20 மி.லி., அதாவது நாலு டீஸ்பூன். கேக்கில் நாலு டீஸ்பூன் எண்ணெய் குறைந்தால் மறுநாளே உதிர ஆரம்பித்துவிடும்.

2/3, 3/4 இரண்டில் எது பெரியது என்ற கேள்விக்குக் குறுக்கே பெருக்கும் வழியைப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். அது சரியான வழிதான். ஆனால் அடுப்பங்கரையில் அதைவிட வேகமான வழி உண்டு: முழுக் கப்புக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 2/3 கப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, 3/4 கப்பில் நான்கில் ஒரு பங்குதான் குறைகிறது. குறைவது எதில் சிறியதோ அதுதான் பெரிய கப். மில்லியில் 160, 180. 3/8, 1/3 போன்ற இரண்டுக்கு இந்த வழி உதவாது. அங்கே இரண்டையும் 24 பங்காக்கினால் 9/24, 8/24 என்று தெரிந்துவிடும். குறுக்கே பெருக்கும்போது நாம் செய்வதும் இதையேதான், கீழ் எண்ணை எழுதாமல் விடுகிறோம், அவ்வளவே.

கூட்டும்போது ஒரு தப்பு அடிக்கடி வருகிறது. 1/3 கப்பும் 1/4 கப்பும் சேர்ந்தால் எவ்வளவு என்றால் மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டி 2/7 என்கிறார்கள். 2/7 கப் 70 மி.லி.கூட வராது. தனியாக 1/3 கப்பே 80 மி.லி. இருக்கும்போது, அதோடு இன்னொன்றைச் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? சரியான விடை 7/12, அதாவது 140 மி.லி. ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தப்பு வராது.

குறிப்பில் உள்ள அளவைப் பாதியாக்கும்போதும் இப்படித்தான். 1 1/2 கப்பில் பாதி 3/4 என்பது எல்லோருக்கும் தெரியும். 3/4 கப்பில் பாதி? பலர் உத்தேசமாக 1/2 கப் போட்டுவிடுகிறார்கள். சரியான அளவு 3/8 கப், 90 மி.லி.; ஒரு 1/4 கப்போடு இரண்டு டேபிள்ஸ்பூன் சேர்த்தால் வந்துவிடும். 1/2 கப் போட்டால் 120 மி.லி. ஆகிறது, வேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். 1/3 கப்பில் பாதி 1/6 கப், 40 மி.லி., அதாவது இரண்டு டேபிள்ஸ்பூனும் இரண்டு டீஸ்பூனும். பாதியாக்க வேண்டுமென்றால் கீழ் எண்ணை இரட்டிக்க வேண்டும், அல்லது மேல் எண் இரட்டைப்படையாக இருந்தால் அதைப் பாதியாக்கலாம். 2/3 கப்பில் பாதி 1/3 கப் என்பது அப்படி வருவது.

இதெல்லாம் கப் ஒன்றாகவே இருக்கும்வரை சரி. கப்பே மாறும்போதுதான் உண்மையான சிக்கல்.

அமெரிக்கக் குறிப்புகளில் ஒரு கப் சுமார் 237 மி.லி.; அங்கே உணவுப் பொட்டலங்களின் சத்து அட்டவணைக்கு 240 என்று வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 250. பழைய பிரிட்டிஷ் கப், அரை பைன்ட், 284 மி.லி. ஜப்பானில் சமையல் கப் 200, ஆனால் அரிசி அளக்கும் கப் மட்டும் 180. ஜப்பானிய முறையில் வந்த எலக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கப் இந்த 180 மி.லி. கப்தான். ஆகவே ஆஸ்திரேலியக் கப்பில் முக்கால் எடுத்தால் 187.5 மி.லி.; குக்கர் கப்பில் முழுசாக எடுத்தாலும் 180 தான். முக்கால் பெரியதாகவும் முழுசு சிறியதாகவும் ஆகிவிடுகிறது. இரண்டு பின்னங்களை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே முழுசின் பங்காக இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வது இதற்காகத்தான்.

அந்தப் பிளாஸ்டிக் கப் தொலைந்துபோன வீடுகளில் நடப்பதைக் கணக்காகவே சொல்லலாம். குக்கர் பாத்திரத்தின் உள்பக்கத்தில் 1, 2, 3 என்று கோடுகள் இருக்கும். அவை 180 மி.லி. கப்புக்குப் போட்டவை. 240 மி.லி. கப்பால் மூன்று கப் அரிசி போட்டு, மூன்றாம் கோடுவரை தண்ணீர் விட்டால், உள்ளே இருப்பது 720 மி.லி. அரிசி, அதாவது நாலு குக்கர் கப். நாலு கப் அரிசிக்கு மூன்று கப்புக்கான தண்ணீர். சாதம் விறைத்துப்போய் நடுவில் அரிசி வேகாமல் நிற்கும். குக்கரையோ அரிசியையோ குறை சொல்லிப் பயனில்லை. பெரிய கப் மூன்று, குக்கர் கப் நாலு என்று ஒரு சீட்டில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தால் போதும்.

கடையில் வாங்கும் கப் செட்டிலேயே இந்தப் பொருத்தமின்மை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாலு கப்பின் கைப்பிடியிலும் பாருங்கள்: சில செட்டுகளில் 1 கப் 250, 1/2 கப் 125, 1/3 கப் 80, 1/4 கப் 60 என்று இருக்கும். 125ஐ இரண்டு முறை ஊற்றினால் 250 நிறையும். 80ஐ மூன்று முறை ஊற்றினால் 240 தான். 60ஐ நாலு முறை ஊற்றினாலும் 240 தான். மேல் இரண்டும் ஒரு முறையிலும் கீழ் இரண்டும் இன்னொரு முறையிலும் செய்யப்பட்டிருக்கின்றன. 10 மி.லி. குறைவதால் இட்லி கெடாது. ஆனால் வகுப்பில் இந்தச் செட்டை வைத்து ‘மூன்று 1/3 சேர்ந்தால் ஒன்று’ என்று காட்டப் போனால் கப் நிறையாது. பிள்ளைகள் கணக்கையே சந்தேகப்படுவார்கள். ஆசிரியர்கள் முன்கூட்டியே ஊற்றிச் சரிபார்த்து வாங்க வேண்டும்.

சரிபார்க்க நல்ல கருவி, ஒரு கிராம்வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு. காலிக் கப்பை வைத்து எடையைச் சுழியாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு மில்லி ஒரு கிராம் என்பதால் காட்டும் எண்ணே கப்பின் கொள்ளளவு. தராசு இல்லையென்றால் அரை லிட்டர் பால் பாக்கெட் உதவும்: கப் இரண்டு முறை நிறைந்து கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாவிட்டால் அது 240–250 கப், இரண்டு முறை நிறைந்து இன்னும் அரைக் கப் மிஞ்சினால் 200 மி.லி. டம்ளர். பாக்கெட்டில் சில மில்லி கூடக்குறைய இருக்கும், ஆகையால் 240ஐயும் 250ஐயும் இதை வைத்துப் பிரித்தறிய முடியாது.

இத்தனை நாளும் டம்ளரால் அளந்துதானே சமைத்தோம், என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பொருளையும் ஒரே டம்ளரால் அளந்தால் எதுவும் கெடாது. இட்லி அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர் என்றால் டம்ளர் 150 மி.லி. ஆனாலும் 250 ஆனாலும் விகிதம் நாலுக்கு ஒன்றுதான். (இங்கே ஒன்று: அரிசியில் உளுந்து கால் பங்கு, மொத்தத்தில் உளுந்து ஐந்தில் ஒரு பங்கு. மொத்தம் 5 டம்ளர் போட நினைப்பவர் ‘கால் பங்கு உளுந்து’ என்று 1 1/4 டம்ளர் எடுத்தால் அரிசி 3 3/4 டம்ளர் ஆகி, விகிதம் மூன்றுக்கு ஒன்றாகிவிடும். இட்லி தட்டையாக வரும்.) ரவை கேசரி, உப்புமா, மைசூர்பாகு எல்லாம் இப்படி விகிதத்தில் நிற்பவை.

விகிதம் உடைவது கப்போடு வேறு ஏதாவது கலக்கும்போது. முட்டை எண்ணிக்கையில் வரும். பேக்கிங் பவுடர் டீஸ்பூனில் வரும். வெண்ணெய் கிராமில் வரும். மைதா மட்டும் கப்பில் வரும். 240 மி.லி. கப்பை நினைத்து எழுதிய கேக் குறிப்பில் மைதா 1 1/2 கப், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் 1 1/2 டீஸ்பூன் என்று வைத்துக்கொள்வோம். தலைதட்டிய கப்புக்கு 120 கிராம் வீதம் மைதா 180 கிராம். வீட்டில் 200 மி.லி. டம்ளரால் அளந்தால் 150 கிராம்தான் வரும். முட்டையும் பவுடரும் குறையவில்லை. மாவு நீர்த்துப்போகிறது, பவுடர் அதிகமாகி வேகமாகப் பொங்குகிறது, தாங்க மாவுப்பிடிப்பு இல்லாமல் நடுவில் குழி விழுகிறது. அடுப்பின் சூட்டைக் கூட்டியும் குறைத்தும் இதைச் சரிசெய்ய முடியாது.

200க்கும் 240க்கும் உள்ள 40 மி.லி. வித்தியாசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 240லிருந்து பார்த்தால் ஆறில் ஒரு பங்கு குறைவு. 200லிருந்து பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். டேபிள்ஸ்பூனிலும் இதே கதை. பெரும்பாலான நாடுகளில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. 15ஐ வைத்துப் பார்த்தால் 5 என்பது மூன்றில் ஒரு பங்கு, 20ஐ வைத்துப் பார்த்தால் அதே 5 கால் பங்கு. சிட்னியில் இருக்கும் மகள் அனுப்பிய குறிப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு என்றிருந்தால், இங்கே உள்ள ஸ்பூனுக்கு ஒன்றேகால் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் எடுக்க வேண்டும். டீஸ்பூன் கணக்கில் நாலு.

அரை டம்ளர் என்று கண்ணால் பார்த்து ஊற்றுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நம் காபி டம்ளர் அடியில் ஒடுங்கி வாயில் விரிந்தது. வாய் 8 செ.மீ., அடி 6 செ.மீ. குறுக்களவு உள்ள டம்ளரில் உயரத்தில் பாதிவரை ஊற்றினால் உள்ளே இருப்பது மொத்தத்தில் நூற்றுக்கு 43 பங்குதான். விரிவு எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறையும். பாதி உயரம் பாதி அளவாக இருப்பது நேர்சுவர் பாத்திரத்தில் மட்டும். கோடு போட்ட கண்ணாடி ஜாடியிலும் நின்றபடி மேலிருந்து குனிந்து பார்த்தால் தண்ணீர் மட்டம் இருப்பதைவிட உயரமாகத் தெரியும், ஊற்றுவது குறைந்துபோகும். ஜாடியை மேடையில் வைத்து, கண்ணை அந்தக் கோட்டின் உயரத்துக்கு இறக்கிப் பார்க்க வேண்டும்.

மாவை அளப்பதில் இன்னும் பெரிய ஏற்ற இறக்கம். டப்பாவுக்குள் கப்பை அழுத்தி வாரினால் மைதா 150 கிராம்கூட வரும். ஸ்பூனால் தளர்வாகப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 கிராம். கால் பங்கு வித்தியாசம், அதுவும் ஒரே கப்பில். தேங்காய்த் துருவல், பொடித்த வெல்லம், நாட்டுச் சர்க்கரை எல்லாம் அழுத்துவதைப் பொறுத்தவை. ‘வறுத்த வேர்க்கடலை 1 கப், பொடித்தது’ என்றால் அளந்துவிட்டுப் பொடிக்க வேண்டும். ‘பொடித்த வேர்க்கடலை 1 கப்’ என்றால் பொடித்துவிட்டு அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றல்ல, குறிப்பு எழுதுபவர்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். மில்லியைக் கிராமாக நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. 240 மி.லி. கப்பில் தண்ணீர் 240 கிராம், சர்க்கரை 200, மைதா 120, தேன் 340. கப் 240 என்றதும் தராசில் 240 கிராம் மைதா நிறுத்தால் கேக்குக்கு இரண்டு மடங்கு மாவு போய்விடும்.

நம் பழைய படி வரிசையில் பின்னச் சிக்கல் இல்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. எல்லாம் பாதி, பாதியில் பாதி. மூன்றில் ஒரு பங்குக்கு அதில் பாத்திரமே கிடையாது. ஆனால் ஊருக்கு ஊர் படி வேறாக இருந்தது. ஒரு சந்தையின் படி இன்னொரு சந்தையில் செல்லாது. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டம் நாடு முழுவதற்கும் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்ததால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. கடைத்தெருவில் ஒழித்த அதே குழப்பத்தைக் கப் என்ற பெயரில் அச்சுப் பக்கத்தில் திரும்ப அனுமதிக்கலாமா?

கேக் குழிந்தால் ஒரு மாலை வீணாகும். வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு–சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். கலப்பதில் தப்பு செய்தால் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருந்துக் கடையில் 1 லிட்டர் தண்ணீருக்கான பெரிய பாக்கெட்டும் 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் கிடைக்கின்றன. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினால் கரைசல் ஐந்து மடங்கு கெட்டியாகிவிடும். குழந்தையின் இரத்தத்தில் உப்பு ஏறும். டம்ளர் 200 மி.லி. என்று தெரியாமல் 250 என்று நினைத்து நாலு டம்ளர் ஊற்றினாலும் 800 மி.லி. ஆகி, ஒன்றேகால் மடங்கு கெட்டியாக இருக்கும். சின்ன பாக்கெட்டை அரை லிட்டரில் கரைத்தால் உப்புச்சத்து போதாது. பாக்கெட்டைப் பாதி பாதியாகப் பிரிக்கவும் கூடாது, ஏனென்றால் உள்ளே உப்பும் குளுக்கோஸும் சீராகக் கலந்து கிடக்கும் என்று சொல்ல முடியாது. பாக்கெட் கிடைக்காதபோது வீட்டில் கலப்பது: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. இதை 200 மி.லி.க்குச் சுருக்கினால் உப்பு பத்தில் ஒரு டீஸ்பூன் ஆகும். அந்த அளவை எந்த ஸ்பூனாலும் எடுக்க முடியாது. அதனால் எப்போதும் முழு லிட்டராகக் கலந்து, 24 மணி நேரத்துக்குமேல் மிஞ்சியதைக் கொட்டிவிடுவதுதான் முறை.

பள்ளிகளுக்கு ஒரு யோசனை. ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது கரும்பலகையில் வட்டம் போட்டுப் பங்கு பிரிப்பதோடு நிறுத்தாமல், ஒரு 240 மி.லி. செட்டும் ஒரு வாளித் தண்ணீரும் கொண்டுவரலாம். எண்களை டேப்பால் மறைத்து, கப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்கச் சொல்லுங்கள். பிறகு எத்தனை முறை ஊற்றினால் பெரிய கப் நிறைகிறது என்று எண்ணி, பிள்ளைகளே பெயர் எழுதட்டும்: மூன்று முறை என்றால் 1/3, நாலு முறை என்றால் 1/4. கடைசியில் டேப்பைப் பிரிக்கலாம். அடுத்ததாக ஒரு நேர்சுவர் கண்ணாடிக் குவளையில் 240 மி.லி. ஊற்றி, தண்ணீர் நிற்கும் உயரத்துக்கு இரண்டு காகிதப் பட்டைகள் வெட்டி, ஒன்றை நாலாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடித்து ஒட்டினால் 1/4, 1/3, 1/2, 2/3, 3/4 எல்லாம் ஒரே கோட்டில் வரிசையாகத் தெரியும். 240 என்ற எண் 2, 3, 4, 6, 8 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடுவதால் இதற்கு மிகவும் தோதானது. 250ஐ மூன்றால் வகுத்தால் 83.33 என்று இழுக்கும். மூன்றாவதாக அதே 240 மி.லி.யைக் காபி டம்ளரில் ஊற்றிப் பாதி உயரத்தைக் குறித்துக் காட்டுங்கள். கேள்விகள் தானாக வரும்.

தங்களிடம் கேட்பது இவை. சமையல் பக்கத்தின் அடியில் ‘1 கப் = 240 மி.லி., 1 டேபிள்ஸ்பூன் = 15 மி.லி., 1 டீஸ்பூன் = 5 மி.லி., எல்லாம் தலைதட்டிய அளவு’ என்று ஒரு நிரந்தர வரி போடுங்கள். கேக், பிஸ்கட், ரொட்டி போன்றவற்றில் மாவுக்கும் சர்க்கரைக்கும் பக்கத்தில் கிராமையும் கொடுங்கள். இன்னொன்று அச்சுக்கோப்பைப் பற்றியது: 1 1/2 என்பதில் இடைவெளி விழாமல் 11/2 என்று அச்சாகிவிடுகிறது. அப்படியே படித்தால் அது ஐந்தரை கப். பழகியவர்கள் புரிந்துகொள்வார்கள், முதல்முறை அடுப்பைப் பற்றவைக்கும் பிள்ளைகள் எப்படிப் புரிந்துகொள்வார்கள்? ஒன்றரை, ஒன்றேகால், இரண்டேமுக்கால் என்று எழுத்திலேயே போட்டுவிட்டால் இடைவெளி விழுந்தாலும் விழாவிட்டாலும் அளவு மாறாது.

இப்படிக்கு,
கணக்கு ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.